ரிமோட்டைத் தேடும் கை

ஐயா, வணக்கம். போன ஞாயிறு ராத்திரி ஓடிடியில் ஒரு தமிழ்ப்படம் போட்டோம். மாமியார், எட்டாவது படிக்கும் மகள், நாங்கள் இருவர். நடுவில் படுக்கையறைக் காட்சி வந்ததும் ஆளாளுக்கு ரிமோட்டைத் தேடினோம். இதே படம் டிவியில் வந்தபோது அந்தக் காட்சி இல்லையே! சென்சார் தளர்ந்துவிட்டதா, காலமே கெட்டுப்போச்சா? முன்பெல்லாம் நம் பக்கத்தில் இப்படியா இருந்தது?
- செ., பாலக்கோடு

அன்புள்ள செ.,

டிவியில் ‘யு’, ‘யு/ஏ’ சான்றுள்ள படம்தான் ஓடலாம். ‘ஏ’ வாங்கிய படமென்றால் வெட்டி, வேறு சான்று வாங்கித்தான் சேனலுக்குத் தர முடியும். ஓடிடியின் கணக்கு வேறு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயது வகையைத் தளமே போடுகிறது. ஆக, வெட்டாத பிரதி அங்கே வந்துவிடுகிறது.

தியேட்டரில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடை ‘ஏ’ படத்துக்கு மட்டும்தான். ‘யு/ஏ’ என்பது, 2023 திரைப்படச் சட்டத் திருத்தத்துக்குப் பின் 7, 13, 16 என்று பிரிந்தபோதும், பெற்றோருக்கான எச்சரிக்கையே.

காலம் கெட்டதா என்று கேட்பதற்கு முன் வரியைப் பாருங்கள். 2011-ல் தமிழக அரசு, கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் ‘யு’ சான்று வேண்டும் என்றது. அதற்காகவே முத்தத்தை வெட்டி ‘யு’ வாங்கினார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. நாம் ஒழுக்கம் என்று நினைத்ததில் ஒரு பங்கு வரிக்கணக்கு. தொப்புளைச் சுற்றியே கேமரா திரியும் குத்துப்பாட்டுகளும் ‘யு’வில்தான் வந்தன, அப்போது யாரும் ரிமோட்டைத் தேடவில்லை. என்னைக் கேட்டால், வயது போட்டு வரும் நேரான காட்சியைவிட அதுதான் பிள்ளைகளுக்குக் கெடுதல்.

நம் பக்கம் மட்டும் என்னவாம்? திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தில் நள்ளிரவு தாண்டிக் கோமாளியான கட்டியங்காரன் பேசும் பச்சைப் பேச்சுக்கு எந்த ஓடிடியும் கிட்டே வராது. அதே களத்தில்தான் துகிலுரிதலும் நடக்கிறது. துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டு சேலையில் கை வைக்கும்போது யாருக்கும் சபலம் வராது, வயிறுதான் எரியும். பூலன்தேவியின் கதையான ‘பாண்டிட் குயின்’ பட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: அவரை நிர்வாணமாக்கும் காட்சி இச்சையைத் தூண்டவில்லை, கொடுமை செய்தவர்கள்மேல் அருவருப்பை உண்டாக்குகிறது.

இனி உங்கள் வீட்டுக்கு. 13+ முதல் மேலுள்ள எல்லாவற்றுக்கும் பூட்டு வசதி தரவேண்டியது தளத்தின் கடமை. மகளுக்குத் தனி புரொஃபைல் திறந்து வயது வரம்பு வையுங்கள். பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள்; பிள்ளை அப்பாவின் புரொஃபைலைத் தொட்டால் எல்லாம் திறந்து கிடக்கும். பெரியவர்கள் புரொஃபைலுக்குத்தான் முதலில் பின் நம்பர் போட வேண்டும், அதுவும் வண்டி நம்பரோ பிறந்த வருடமோ இல்லாமல். அப்பாவின் போனில் அதே ஆப் திறந்தே கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

மாமியாருக்குப் பூட்டு உதவாது. படம் தொடங்கும்போது வயதோடு ‘பாலியல் காட்சி’, ‘வன்முறை’, ‘வசைச்சொல்’ என்று காரணமும் வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், சில நொடிகள்தான். 16+ என்ற எண் வெட்டுக்குத்துக்கும் வரும், படுக்கையறைக்கும் வரும். அந்தக் காரணத்தைப் படித்துவிட்டு மாமியாரைக் கூப்பிடுங்கள்.

பூட்டோ குறிப்போ இல்லையென்றால் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். படத்தின் பெயர், எத்தனையாவது நிமிடம், என்ன வயது போட்டிருந்தார்கள் என்ற மூன்றும் இருக்கட்டும். 15 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். ‘கலாச்சாரச் சீரழிவு’ என்று மட்டும் எழுதினால் நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள்.