ஹட்டன் வீட்டுக்கு ஸ்மார்ட் கொமட் பொருந்துமா?

வணக்கம் சகோதரி. மூட்டுவலியால் அவதியுறும் உங்கள் அம்மா விடியற்காலைக் குளிர்நீரைத் தொடவே அஞ்சுவதாகவும், அதற்காக, வெந்நீரைப் பீச்சித் தானே கழுவிவிடும் மின்சாரக் கழிப்பறை இருக்கையான ஸ்மார்ட் கொமட் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அம்மாவை நினைத்து நீங்கள் எடுக்கும் இந்த அக்கறை நியாயமானதே.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். சிஸ்டர்ன் (கொமட்டின் பின்னுள்ள நீர்த்தொட்டி) இல்லாத வகைகள் பல குழாய் அழுத்தத்தையே நம்பியிருப்பவை. பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தமே கிடைக்கும் என்பதால், கூரைக்குச் சற்று மேலே மூன்று மீற்றரில் இருக்கும் தாங்கி 0.3 பார் அளவே தரும். அது போதாது. எங்கள் வீட்டுக்கும் மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீர்தான். ஒரு பெருமழைக்குப் பின் வடிகட்டியைக் கழற்றியபோது, வலை முழுவதும் செம்மண் களியாக அப்பியிருந்தது. அந்த மண் ஸ்மார்ட் கொமட்டின் நுண்ணிய பீச்சுக்குழாயை எளிதில் அடைத்துவிடும்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பொருளாயின் கூடுதல் கவனம் தேவை: அது அங்குள்ள 100 வோல்ட்டுக்கு உரியது, நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். நிலத்தொடுப்பும், மின்கசிவின்போது மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத குளியலறையில் எதையும் பொருத்த வேண்டாம். இடி மின்னல் வேளையில் செருகியைக் கழற்றிவிடுங்கள்.

என் கருத்தில், இப்போதுள்ள கொமட்டையே வைத்துக்கொண்டு, சிறு தாங்கியில் நீரைச் சூடாக்கும் கழுவு இருக்கையை மட்டும் அதில் பொருத்துவதே உங்களுக்கு ஏற்றது. மின்வெட்டிலும் சிஸ்டர்ன் இயங்கும். பக்கச் சுவரில் ஒரு கைப்பிடியும் பொருத்துங்கள்; எழும்போது அம்மாவுக்கு அதுவே பெரிய ஆறுதல்.