மணி நின்றால் நீங்களும் நில்லுங்கள்

கேள்வி: மினியாபொலிஸ் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் மினசோட்டாவிலேயே பிறந்து வளர்ந்தவர். எனக்குக் கும்பகோணம், முட்டைகூட வாசல்படி தாண்டாத குடும்பம். கிராண்ட் ரேப்பிட்ஸுக்கு வடக்கே காட்டுக்குள் என் மாமனாருக்கு ஒரு கேபின் உண்டு. வருஷா வருஷம் அக்டோபரில் அவர், என் கணவர், கொழுந்தனார் மூவரும் நாயைக் கூட்டிக்கொண்டு கிரவுஸ் என்ற காட்டுப் பறவையை வேட்டையாடப் போவார்கள். இந்த வருஷம் என் 11 வயது மகனையும் அழைத்துப்போவதாகத் தாத்தா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே மேப்பிள் புராணம். மேப்பிள் என்பது மாமனாரின் செட்டர் நாய். எனக்குத் துப்பாக்கி என்றாலே பயம். ஓர் உயிர் போவதைப் பிள்ளை பார்க்க வேண்டுமா என்ற உறுத்தல் வேறு. ஊரில் அம்மாவிடம் சொன்னேன், இரண்டு நாள் பேசவில்லை. தடுத்தால் இந்த வீட்டுக்கு நான் வில்லி, அனுப்பினால் அந்த வீட்டுக்கு. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், மினசோட்டா

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் நாலு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம்தான். முழுக் கடிதத்தில் மேப்பிள் பதினோரு இடத்தில் வருகிறாள், எண்ணிப் பார்த்தேன். மகன் துப்பாக்கியைப் பற்றி ஏதாவது கேட்டதாக ஒரு வரி இல்லை. பயம் முழுக்க உங்களுடையது, ஆசை முழுக்க நாயின் மேல். இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

என் பதில் இதுதான்: போகட்டும். ஆனால் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். இந்த வருஷம் அவன் கையில் துப்பாக்கி கிடையாது, மேப்பிளைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவன் வேலை என்று மாமனாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நாயோடு வேட்டையாடும் எந்தத் தாத்தாவும் இதற்கு மறுப்பு சொல்லமாட்டார்.

மினசோட்டாவின் துலூத் நகரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். அலுவலக நண்பர் ஒருவரும் அவருடைய பிரிட்டனி இன வேட்டை நாயும் முன்னே போக, பின்னாலேயே நடந்திருக்கிறேன். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. அதனால் துப்பாக்கி பிடிக்காமல் கூட நடப்பவர்கள் என்ன பார்ப்பார்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

முதலில் காடு. மரம் வெட்டிப் பத்துப் பதினைந்து வருஷம் ஆன இடத்தில் ஆஸ்பென் கன்றுகள் கரும்புத் தோட்டம் மாதிரி நெருக்கமாக நிற்கும். அங்கே அதைப் 'பாப்பிள்' என்பார்கள். கிரவுஸுக்கு அதுதான் வீடு. பருந்து கண்ணில் படாமல் ஒளிய இளங்கன்றுகள், பனிக்காலத்தில் தின்ன முற்றிய ஆஸ்பெனின் மொட்டுகள். பறவை நம் கவுதாரிக்குப் பெரிய அண்ணன். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தேறும். காய்ந்த இலை மேல் உட்கார்ந்திருந்தால் இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. குளிர் வந்தால் அதன் கால்விரல் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி செதில் முளைக்கும், பனியில் புதையாமல் நடக்க. ராத்திரி அந்தப் பனிக்குள்ளேயே பாய்ந்து புதைந்து தூங்கும். இதை மகனிடம் சொல்லுங்கள், நாலு நாளைக்குக் கேள்வி கேட்பான்.

அடுத்தது நாய். நம் ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கிறவை. செட்டர் அதற்கு நேரெதிர். காற்றில் மோப்பம் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடும். வாசனை கெட்டியானதும் ஒரு கால் தூக்கியபடி, வால் விறைக்க, அப்படியே நின்றுவிடும். புதருக்குள் நாய் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கழுத்தில் ஒரு சின்ன மணி கட்டியிருப்பார்கள். இப்போது ஜி.பி.எஸ். பட்டை வந்துவிட்டது, ஆனாலும் வயதானவர்கள் மணியை விடுவதில்லை. கிணுகிணு, கிணுகிணு என்று ஒலி முன்னே போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று நிற்கும். காடே மூச்சைப் பிடித்த மாதிரி இருக்கும். மணி நின்றால் நீங்களும் மகனும் நின்றுவிட வேண்டும். நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. துப்பாக்கிக்காரர்கள் மட்டும் இரண்டு பக்கமும் நெருங்குவார்கள். அப்புறம் தகரக் கூரை மேல் மாங்காய் சரிந்தது போல ஒரு தடதடப்பு. முதல் தடவை நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ஈரச் சேற்றில். பறவையைப் பார்க்கவே இல்லை. பல தடவை சுடுகிறவர்களும் பார்ப்பதில்லை. மினசோட்டாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 பறவை உச்சவரம்பு. எங்களுக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. கால் வலியோடு வெறுங்கையாகத் திரும்பிய நாட்கள்தான் அதிகம்.

இனி உங்கள் பயம். அது நியாயமானது, கைவிட வேண்டாம். அதைக் கேள்விகளாக மாற்றி மாமனாரிடம் கேளுங்கள். தரையில் நிற்கும் பறவையையோ தாழப் பறக்கும் பறவையையோ சுடுவீர்களா? 'மாட்டோம், நாய் கீழே இருக்கும்' என்ற பதில் உடனே வர வேண்டும். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டும்போது துப்பாக்கியை மடித்துத் திறந்து தோட்டாவை எடுப்பீர்களா? வண்டியில் ஏறுமுன் காலி செய்வீர்களா? பையன் யார் பக்கத்தில் நடப்பான்? சுடுகிறவருக்கு ஓரடி பின்னால், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் என்பதே சரியான பதில். மூன்று பேர் வரிசையாக நடக்கும்போது யார் எங்கே இருக்கிறார் என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார்களா? வேட்டை முடிந்து துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிய பிறகுதான் பீர் பாட்டில் திறக்குமா? கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்கலாம், ஆனால் கேட்காமல் விடாதீர்கள். ஐம்பது வருஷம் காட்டில் நடந்தவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், போகவேண்டாம் என்று நானே சொல்வேன்.

உடை விஷயத்தில் பேரமே இல்லை. இடுப்புக்கு மேலே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சோ பிங்க்கோ ஒன்றாவது போட வேண்டும் என்பது மினசோட்டாச் சட்டம். நான் சொல்வது தொப்பி, சட்டை இரண்டும், உங்களுக்கும் சேர்த்து. கண்ணாடி கட்டாயம், தோட்டாவுக்காக மட்டுமல்ல, முன்னே போகிறவர் விலக்கிவிடும் குச்சி பின்னால் வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். காதுக்கு அடைப்பான். பள்ளிக்கு எம்.இ.ஏ. (ஆசிரியர் மாநாட்டு) விடுமுறை வரும் அக்டோபர் மூன்றாம் வாரம் நல்ல சமயம்: இலை உதிர்ந்து காடு திறந்திருக்கும், எதிரே யார் வருகிறார் என்று தெரியும். நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டை ஆரம்பித்துவிடும், அந்தக் கூட்டத்தில் போகாதீர்கள்.

துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு என்று ஒன்று உண்டு. அங்கே 11 வயதில் சேரலாம், சான்றிதழ் 12 வயதில் செல்லும். அவன் என்றைக்காவது தானாகக் கேட்டால் அப்போது சேருங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். கேட்காவிட்டால் ஞாபகப்படுத்தாதீர்கள்.

(இதைப் படிக்கும் எச்-1பி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நண்பர் கூப்பிட்டார் என்று 'சும்மா பிடித்துப் பார்க்கலாமே' என்று துப்பாக்கியில் கைவைக்காதீர்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். முறையான வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. வக்கீலைக் கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.)

உயிர் போவதைப் பிள்ளை பார்க்கலாமா? இதற்கு உங்கள் வளர்ப்பும் உங்கள் கணவர் வளர்ப்பும் வேறு வேறு பதில் சொல்லும், நான் நடுவராக வரமாட்டேன். ஆனால் எது நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். விழுந்த பறவைக்குச் சில நேரம் உயிர் இருக்கும், சட்டென்று முடித்துவிடுவார்கள். பிறகு பறவையை மல்லாத்தி, இரண்டு இறக்கை மேலும் பூட்ஸ் காலை வைத்து, கால்களைப் பிடித்து மேலே இழுப்பார்கள். நெஞ்சுக்கறி தனியாகப் பிரிந்து நிற்கும். பத்து விநாடி வேலை, ஆனால் முதல் தடவை பார்ப்பவருக்குக் குடலைப் பிரட்டும். அந்த நேரம் மேப்பிளுக்குத் தண்ணீர் காட்ட அவனை அழைத்துப்போய்விடலாம்.

அதற்கு அடுத்த காரியத்துக்கு அவனைத் திரும்பக் கூட்டிவாருங்கள். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைக் கீறி, தாத்தா உள்ளங்கையில் கொட்டுவார். நான் பார்த்த ஒன்றில் மடங்காத பச்சை குளோவர் இலைகள், நாலு சிவப்புப் பழம், ஏதோ மரத்தின் அரும்பு. காலையில் அந்தப் பறவை எங்கெல்லாம் நடந்தது என்று அதை வைத்தே என் நண்பர் சொன்னார். எனக்கு அப்போதுதான் தொண்டை அடைத்தது. வருத்தமா வியப்பா, இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. மகன் அழுதால் அழட்டும். 'ஆம்பளப் பையன்' என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அம்மா விஷயம். இந்தியாவில் 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதன் 1991 திருத்தத்துக்கும் பிறகு வேட்டை என்றாலே பெரும்பாலும் திருட்டு வேட்டைதான். அம்மா மனதில் அந்தப் படம்தான் ஓடும். அமெரிக்காவில் உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாம் வரையறுத்தது. துப்பாக்கி, தோட்டா மீதான வரிப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது, 1937-லிருந்து. இதைச் சொன்னால் அம்மா சமாதானமாவாரா? ஆகமாட்டார். அவருடைய கணக்கில் பாவம் பாவம்தான், அதில் அவர் ஒன்றும் தப்பில்லை. அதனால் விவாதம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் நேரடி ஒளிபரப்பும் வேண்டாம். மேப்பிளோடு பேரன் தூங்கும் படம் ஒன்றை அனுப்புங்கள், போதும்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். மாமனார் வெண்ணெயில் கிரவுஸ் வறுக்கும்போது நீங்கள் அதே மேஜையில் உட்கார்ந்து உங்களுடையதைச் சாப்பிடலாம். மகன் ஒரு துண்டு கேட்டால் என்ன செய்வது என்று கிளம்புவதற்கு முன்பே கணவரோடு முடிவு செய்துகொள்ளுங்கள், மேஜையில் வைத்து அல்ல.

கடைசியாக, நாய்க்காரனின் கடமைகள். ஒவ்வொரு நடை முடிந்ததும் மேப்பிளின் பாதம், கண், காதோரம் எல்லாம் தடவி ஒட்டுமுள், புல்விதை எடுக்க வேண்டும். உண்ணி பார்க்க வேண்டும். நாய்க்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்கும். லைம் நோய் பரப்பும் மான் உண்ணி அக்டோபரிலும் திரியும். அந்தக் காட்டில் விலங்குகளுக்குப் பொறி வைக்கிறவர்கள் உண்டா என்று தாத்தாவைக் கேட்டு, நாய் சிக்கினால் பொறியைத் திறப்பது எப்படி என்று பெரியவர்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம் முள்ளம்பன்றி. ஒரு மாலை எங்கள் பிரிட்டனி அதை முகர்ந்துவிட்டது. மூக்கு, உதடு, நாக்கு எல்லாம் முள். முள்ளின் நுனியில் பின்னோக்கிய நுண்கொக்கிகள் இருப்பதால் விட்டால் உள்ளேதான் போகும், வெட்டவும் கூடாது. ஒருவர் நாயை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வாய்க்குள் இருந்தால் மருத்துவரிடம்தான். எங்களிடம் குறடு இல்லை. விரலால் மூன்று எடுத்தோம், மிச்சத்தோடு இருட்டில் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினோம். நாய் என் மடியில், என் சட்டையெல்லாம் ரத்தம், ஒரு முனகல்கூட இல்லை. மாமனாரிடம் குறடு நிச்சயம் இருக்கும். இருந்தாலும் மகன் பையில் தனியாக ஒரு கட்டிங் பிளேயர் போட்டு அனுப்புங்கள்.