வளவுக்குள் தோட்டம் எதற்கு?

கேள்வி: இரண்டு பேருக்கும் சம்பளம் வருகிறது, பிறகு எதற்கு இந்த இயற்கைத் தோட்டம் என்று மாமி கேட்கிறா. உங்கள் வீட்டில் ஏன் தொடங்கினீர்கள்?
- வாசகி, களுதாவளை

பதில்: எங்களைத் தோட்டத்துக்குள் இறக்கியது 2021தான் தங்கச்சி. அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது, நவம்பரில் திரும்பவும் விட்டது, ஆனால் அந்தப் பெரும்போகத்தில் எங்கள் பக்கத்து வயல் மஞ்சளடித்து நின்றதைப் பார்த்த பிறகு, உரப்பையை மட்டும் நம்பின மண்ணுக்கு ஒரு இரவில் சத்து வராது என்று விளங்கியது. கால் ஏக்கரையாவது ஆறுதலாகப் பழக்குவோம் என்று இறங்கினோம்.

இன்னொன்று கிணறு. எனக்கு இதுதான் பெரிய காரணம். நம் கரையோர மணலில் கூடுதலாகப் போடுகிற உரம் மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கும், அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

வேலிக் கிளிசறியாவில் வெட்டின குழையை மாட்டெருவோடு பாத்தியில் தாட்டோம். முதல் வருசம் கத்தரிக்காயில் பாதி புழு. சரி, விடவில்லை. மூன்றாம் வருசம் மணலை அள்ளினால் கறுப்பாக, ஈரமாகக் கையில் ஒட்டியது, உள்ளே மண்புழு நெளிந்தது.

ஐப்பசி மழையோடு வேலிக்குக் கிளிசறியாக் கதியால் நடுங்கள். முதல் பயிற்றங்காயை மாமியே ஆயட்டும்.