உடலின் கடிகாரமும் பள்ளியின் மணியும்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகனை, காலை 7 மணிச் சிறப்பு வகுப்புக்காக 5 மணிக்கே எழுப்புகிறோம். இரவு 11.30 ஆனாலும் தூக்கம் வரவில்லை என்கிறான். வகுப்பில் தூங்கி வழிகிறான். விடியலில் படித்தால்தான் மனத்தில் பதியும் என்கிறார் என் மாமனார். இது சோம்பலா, நோயா? (வாசகி, மதுரை)

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை, அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சிறு நரம்பணுக் கூட்டம், கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு நம் உறக்க நேரத்தை நெறிப்படுத்துகிறது. பருவமடையும் வயதில் இந்தக் கடிகாரம் பின்தள்ளிப் போவதால், இரவு வந்ததை உடலுக்கு அறிவிக்கும் மெலட்டோனின் சுரப்பு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வரை தாமதமாகலாம். முதுமையிலோ கடிகாரம் முன்னால் நகர்கிறது. ஆகவே உங்கள் மாமனார் சொல்வது அவர் உடலுக்குப் பொருந்தும், பேரனுக்குப் பொருந்தாது.

பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. உங்கள் மகனுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரமே. கனவுகள் மிகும் உறக்கநிலை இரவின் பிற்பகுதியில்தான் அதிகம் என்பதால், 5 மணிக்கு எழுப்பும்போது அதில் பெரும்பங்கு பறிபோகிறது. படித்தது மனத்தில் நிலைக்க உறக்கம் இன்றியமையாதது என்பதால், இந்த இழப்பே எனக்கு மிகவும் கவலை தருகிறது.

பள்ளியைத் தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் நேரம் கழித்துத்தானே படுப்பார்கள் என்று தோன்றலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியபோது, வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பள்ளிகளின் மாணவர்களுக்கு மணிக்கட்டுக் கருவி கட்டி அளந்தார்கள். உறக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாதென்பது சட்டம்.

விடியல் படிப்பை மாலைக்கு மாற்றுங்கள். எழுந்ததும் வெயிலில் சிறிது நடக்கட்டும். படுக்குமுன் கைப்பேசி வேண்டாம். ஞாயிறன்று நண்பகல்வரை தூங்கினால் கடிகாரம் மேலும் பின்தங்கும். சிறப்பு வகுப்பை மாலையில் வைக்கும்படி பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். போதிய அளவு உறங்கியும் பகலில் அசதி நீடித்தாலோ, பலத்த குறட்டை இருந்தாலோ, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.