ட்வைலைட் நாவல்களை எந்த வரிசையில் படிப்பது? மிட்நைட் சன்னில் தொடங்கலாமா?

வேண்டாம். வெளிவந்த வரிசையிலேயே போங்கள்: ட்வைலைட் (2005), நியூ மூன் (2006), எக்லிப்ஸ் (2007), பிரேக்கிங் டான் (2008). 2020-ல் வந்த மிட்நைட் சன், முதல் நாவலின் கதையையே நாயகன் எட்வர்ட் சொல்வது. அதை முதலில் எடுத்தால், அவன் யாரென்று நாயகி பெல்லா கொஞ்சம் கொஞ்சமாகத் துப்புத் துலக்கும் சுகம் போய்விடும். (அவன் ரத்தக்காட்டேரி என்பது ஊருக்கே தெரியும்தான், இருந்தாலும்.)

பலர் கழன்றுகொள்வது நியூ மூனில். நாயகனே பாதிக்கு மேல் இல்லையென்றால் பின்னே? ஆனால் தொடரிலேயே எனக்குப் பிடித்த இடம் அதில்தான் இருக்கிறது. அவன் விட்டுப்போனதும் அக்டோபர், நவம்பர் என்று மாதப் பெயர் மட்டும் தாங்கிய வெற்றுப் பக்கங்கள் வரும். அச்சுப்பிழை என்று நினைத்துப் புரட்டினேன். ஜனவரிக்கு வந்தபோதுதான் உறைத்தது, கதை சொல்லும் பெல்லாவுக்கு அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை.

பெல்லாவுக்குத் தெரியாமல் எட்வர்ட் அவள் அறைக்குள் புகுந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காதல் என்கிறார்கள், அது எனக்கு ஒப்பவில்லை. பிரேக்கிங் டானில் நடுப்பகுதியை பெல்லாவின் நண்பன் ஜேக்கப் சொல்கிறான். நக்கலான அத்தியாயத் தலைப்புகளுக்காகவாவது அதைத் தாண்டிவிடாதீர்கள்.