ஐந்து ஆப் கடன், ஒரு சம்பளம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் மாதம் 22,000 ரூபாய் சம்பளம். கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலி வேலை செய்கிறார். வெள்ளி விலை ஏறிய பிறகு ஆர்டர் குறைந்து வாரம் 2,500 ரூபாய்தான் வருகிறது. மாமியாரின் சிகிச்சைக்காக மொபைல் ஆப்பில் ஒரு கடன் வாங்கினேன். அதை அடைக்க இன்னொன்று என்று இப்போது ஐந்து ஆப்களில் கடன் நிற்கிறது. மூன்றில் முறையே 24,000, 24,000, 12,000 ரூபாய் பாக்கி. மற்ற இரண்டுக்கும் கைக்கு வந்ததைவிட அதிகமாகவே கட்டிவிட்டேன். ஆனாலும் இரவு பத்து மணிக்கு அழைத்து, என் படத்தை உறவினர்களுக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டுகிறார்கள். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன், அங்கே இத்தகைய கடன்களுக்கு ‘டெட் மேனேஜ்மென்ட் பிளான்’ உண்டு என்கிறான். அது இங்கே கிடைக்குமா? தாலிக்கொடியை அடகு வைத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? வீட்டுச் செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் தம்பி சொன்னது உண்மைதான். ஆனால் அது பிரிட்டனிலும் சட்டம் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு அன்று. கடனாளி குடும்பச் செலவு போக மிஞ்சுவதை மாதம் ஒரே தொகையாகக் கட்ட, கடன் கொடுத்தவர்கள் அதைத் தங்கள் பாக்கிக்கு ஏற்ற விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள்; வட்டியை நிறுத்தி வைப்பது அவர்கள் விருப்பம். அங்கே கூடுதலாக ஒரு பாதுகாப்பு உண்டு. சம்பள நாள் வரை தாங்குவதற்கென்று கொடுக்கப்படும் குறுங்கடனுக்கு 2015 ஜனவரி முதல் நாள் ஒன்றுக்கு 0.8 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்து, வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது என்றும் விதித்துவிட்டார்கள். நம் ஊர் ஆப் கடனுக்கு அப்படி ஒரு வட்டி உச்சவரம்பு இல்லை. ஆகவே திட்டத்தை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அது முடியாத காரியம் அன்று.

முதலில் ஐந்தையும் இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஆப்பின் பின்னாலும் ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிறுவனமோ வங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய ஆப்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. பதிவு பெற்றவர்கள் கடன் கொடுக்கும்போதே ஆண்டு வட்டி விகிதம் முழுவதையும் காட்டும் முக்கியத் தகவல் தாளைத் தந்திருக்க வேண்டும். அதைத் தேடி எடுத்து நம் ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். உதாரணமாக, 10,000 ரூபாய் கடனில் செயலாக்கக் கட்டணம் 1,000, அதற்கு ஜிஎஸ்டி 180 போக 8,820 கைக்கு வந்து, நாளுக்கு ஒரு சதவீத வட்டியில் முப்பதாம் நாள் 13,000 கட்டினால், அது மாதம் நாற்பத்தேழு வட்டி. ஐந்து வட்டிக்காரரை ஊரே ஏசும். இதைக் கைப்பேசியில் கேட்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

மிரட்டும் அந்த இரண்டு ஆப்களும் பட்டியலில் இல்லையென்றால், இனி அவற்றுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கட்டக் கட்டத்தான் அழைப்பு கூடும். மிரட்டல் செய்திகளையும் எண்களையும் கட்டிய ரசீதுகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஆப்பை நீக்கி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். உறவினர்களிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் கூச்சத்தோடு, மிரட்டுபவர்கள் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் போய்விடும்.

இனி அந்த 60,000. உங்கள் தாளின்படி மாத வரவு 32,000, வாடகை, மளிகை, பள்ளி வேன், மருந்து, மகளிர் குழுத் தவணை எல்லாம் சேர்த்து 25,900, மிச்சம் 6,100. ஆனால் அந்தத் தாளில் ஆடி மாதமே இல்லையே, அம்மா! கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு விருந்தாளி வராத வீடு சேலத்தில் உண்டா? பண்டிகை, காய்ச்சல், செருப்பு என்று வரும் செலவை எழுதாமல் போடும் திட்டம் மூன்றாம் மாதம் உடையும், உடைந்ததும் கை ஆறாவது ஆப்பைத் தேடும். எனவே 1,100 ரூபாயைத் தனியே வைத்துவிட்டு, 5,000 மட்டும் கடனுக்கு என்று எழுதுங்கள். பாக்கி விகிதப்படி அது 2,000, 2,000, 1,000 ஆகப் பிரியும். வட்டியை நிறுத்தச் சம்மதித்தால் பன்னிரண்டு மாதத்தில் தீரும். ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் கணவரின் கூடுதல் கூலியையும் இதில் சேர்க்கலாம்.

வரவு செலவுத் தாளை இணைத்து, ஒவ்வொரு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். “கடனை மறுக்கவில்லை; இன்ன தேதி முதல் மாதம் இவ்வளவு கட்ட இயலும்; வட்டியையும் அபராதத்தையும் நிறுத்தி, தானியங்கிப் பிடித்தத்தை இந்தத் தொகைக்கு மாற்றித் தாருங்கள்” என்ற அளவில் இருந்தால் போதும். அவர்கள் ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரும் அதற்குக் கட்டாயப்படுத்த மாட்டார். ஆயினும் தொகை வந்துகொண்டிருக்கும் கணக்கைப் பெரும்பாலான நிறுவனங்கள் விட்டுவிட விரும்புவதில்லை. உங்கள் வங்கிக் கணக்கைக் காலியாக வைத்துவிட்டு மௌனமாக இருப்பதுதான் ஆபத்து. பணமில்லாமல் தானியங்கிப் பிடித்தம் திரும்பினால், காசோலை திரும்புவதைப் போலவே, 2007ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா சட்டத்தின் 25ஆம் பிரிவில் வழக்குத் தொடுக்க வழியுண்டு. முன்பணம் கேட்டு ‘கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்’ என்பவர்களிடம் போகாதீர்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் மாவட்ட முன்னோடி வங்கியின் நிதிசார் கல்வி மையத்தில் இலவசமாகவே கேட்கலாம்.

தாலிக்கொடியைப் பற்றிக் கேட்டீர்கள். வட்டியை நிறுத்த மறுக்கும் நிறுவனம் எதுவோ, அதன் பாக்கியை மட்டும் அடைக்க வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக் கடன் வாங்குவது கணக்குப்படி சரி. அங்கே வட்டி பெரும்பாலும் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டியே இருக்கும். அறுபதாயிரத்துக்கும் சேர்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட மேற்பார்வையாளராக இருக்கிறேன். தங்கையின் கணவர் வாங்கிய ஆப் கடனுக்காகக் காலை ஆறு மணிக்கே என்னை அழைத்துத் திட்டுகிறார்கள். நான் கட்ட வேண்டுமா?

பதில்: ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பதிவு பெற்ற நிறுவனத்தின் வசூல் முகவர், கடன் வாங்கியவரைக்கூடக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, அவருடைய உறவினர்களை இழிவுபடுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. அழைப்பின் தேதி, நேரம், எண் மூன்றையும் குறித்து அந்த நிறுவனத்துக்கே முதலில் எழுதுங்கள்; முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. மைத்துனரிடம் மேலே உள்ள பதிலைக் காட்டுங்கள்.