மலை இல்லாத ஊரில் நட்சத்திரம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் ஏலகிரியில் ராத்திரி மலையேறி நட்சத்திரம் பார்த்துவிட்டு வந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து எட்டாவது படிக்கும் என் மகள் தானும் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நம் மாவட்டத்தில் மலைக்கு எங்கே போவது? ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதமும் ஒரு மேடுதான். அவளை எங்கே கூட்டிப்போகலாம்?

க., ராமநாதபுரம்

அன்புள்ள க.,

மலையைத் தேடவேண்டாம். சித்திரை அமாவாசை கழிந்து இரண்டு நாள் விட்டு, ராத்திரி மகளைச் சேதுக்கரைக்குக் கூட்டிப்போங்கள். அமாவாசையன்று திதி கொடுக்க வருகிறவர்கள் கூட்டம் இருக்கும், அதனால் சொல்கிறேன்.

மலைமேல் ஊர் வெளிச்சமும் தூசியும் கீழே தங்கிவிடும், வானம் மறைப்பில்லாமல் கிடைக்கும். நம் கரையில் உப்புக்காற்றின் ஈரத்தால் அடிவானம் கொஞ்சம் மங்கலாக இருப்பது உண்மை. ஆனால் தெற்கே நமக்கு மன்னார் வளைகுடா. கண்ணுக்கு எட்டியவரை ஒரு தெருவிளக்கு கிடையாது. ஜவ்வாது மலையில் காவலூரைத் தொலைநோக்கிக்குத் தேர்ந்தபோது இருட்டை மட்டும் பார்க்கவில்லை, தெற்கு வானம் நன்றாகத் தெரியவேண்டும் என்பதையும் பார்த்தார்கள். காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12½ டிகிரியில் இருக்கிறது. சேதுக்கரை 9¼. அவர்களைவிட நாம் இன்னும் தெற்கே இருக்கிறோம்!

இதை மகளுக்குக் கையாலேயே காட்டலாம். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. வடக்கே திரும்பி, தரைக்குமேல் ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்லுங்கள். பனைமரத் தலைகளுக்கு நடுவே மங்கலாக நிற்கும். நாம் நிற்கும் அட்சரேகை எவ்வளவோ அதுவே அதன் உயரம்.

பிறகு கடலைப் பார்த்துத் திரும்புங்கள். இரவு பத்து மணிவாக்கில், தண்ணீருக்குமேல் இரண்டு முஷ்டி உயரத்தில், நாலு நட்சத்திரம் சேர்ந்த தெற்குச் சிலுவை நேராக நிற்கும். நான் முதலில் பார்த்தது அங்கேதான். வலையை உதறிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "அந்தா நிக்குதுல்ல, நாலு வெள்ளி" என்று கைகாட்டினார். அதற்குமுன் அரைமணி நேரம், மேற்கே தள்ளியிருக்கும் இன்னொரு சிலுவையைத்தான் அது என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அதில் ஏமாறுவார்கள். இடப்பக்கம் இரண்டு பெரிய வெள்ளிகள் பின்னாலேயே வந்தால்தான் அசல் சிலுவை. அந்த இரண்டில் தூரத்தில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு மிகப் பக்கத்து நட்சத்திரக் குடும்பம். இன்றைக்கு நம் கண்ணில் படும் அதன் ஒளி கிளம்பி நாலு வருஷத்துக்குமேல் ஆகிறது. உங்கள் மகள் அப்போது மூன்றாவதோ நாலாவதோ படித்திருப்பாள். டெல்லியில் இந்தச் சிலுவையின் அடி நட்சத்திரம் உதிப்பதே இல்லை.

கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரைமணி பிடிக்கும், ஒருமுறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். அரிச்சல்முனைக்கு ஆசைப்படவேண்டாம், சாயங்காலத்துக்குமேல் விடமாட்டார்கள். சேதுக்கரையிலும் இறங்கியதும் கரையில் படகு வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள், பிள்ளையைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.